எழுப்பலும் தணித்தலும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியதுபோலத் தோன்றும். உறங்குவோரை எழுப்புவதற்கும், உள்ளத்தில் உணர்ச்சியைக் கிளர்த்துவதற்கும் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்கள் யாவை? அவற்றிற்கு எதிரான சொற்கள் யாவை? தமிழோடு அவற்றை ஒப்பிட்டால் நாம் அறிந்துகொள்வது யாது? இவையே இன்றைய வினாக்கள். இஃது இலக்கண வகுப்பிற்கு உரியதன்றோ, வானொலியில் பேசுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணலாம். ஆனால், இத்தகைய சொல் ஒன்றின் பொருள் இன்னதென்று நம் நாட்டு நீதிமன்றங்கள் ஆராய்ந்ததுண்டு. அந்த ஆராய்ச்சியை ஒட்டி நம் தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியதும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் சொற்களைக் காண்போம்.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரப் பள்ளிகளில் பல்லாண்டு ஆங்கிலம் கற்பித்தவன் நான். ‘எதிர்ச்சொல் தருக’ என்னும் வினாவைத் தேர்வுத்தாளில் நீங்களும் கண்டிருப்பீர்கள். ‘ரௌஸ்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்டால் ஒரு மாணவன் ‘உறங்கச் செய்’ என்னும் பொருள்பட ஒரு சொல்லை எழுதுவான். மற்றொருவன் ‘அமைதிப்படுத்து’ என்னும் பொருள்பட எழுதுவான். மூன்றாமவன் ‘அடக்கு’ என்று எழுதுவான். விடைத்தாள் திருத்துவோரின் குறிப்பேட்டில் ஒன்றே சரியென்று இருக்கும். உண்மையை நோக்கினால் மூன்றும் சரியே. எழுப்பப்பட்டது ஒரு குழந்தையாயின் முதல் விடை பொருந்தும். எழுப்பப்பட்டது சினமாயின் இரண்டாவது பொருந்தும். எழுப்பப்பட்டது ஒரு கூட்டமாயின் மூன்றாவதைச் சொல்லுவோர் உண்டு. ஆகவே எதிர்ச்சொல் என்பது சொல்லுக்கு மட்டும் எதிரன்று. எது எழுந்தது, யார் எழுப்பினார், எழுந்தது நன்றா தீதா என்னும் வினாக்களையும் அது தன்னுள் கொண்டிருக்கிறது. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

விழித்தலுக்கு ஆங்கிலத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நான்கு சொற்கள் உண்டு. ‘வேக்’, ‘அவேக்’, ‘வேக்கன்’, ‘அவேக்கன்’ என்பன அவை. நான்கும் ஒரே பொருளைத் தருவனபோலத் தோன்றினும் வழக்கில் வேறுபாடு உண்டு. காலையில் படுக்கையை விட்டு எழுதற்குப் பெரும்பாலும் ‘வேக்’ என்பதே போதும். உள்ளத்தில் ஓர் ஆர்வமோ, ஒரு நாட்டில் உரிமையுணர்வோ விழித்தெழுந்தது என்று சொல்லவேண்டுமாயின் ‘அவேக்கன்’ என்பதை நாடுவர். உடலின் விழிப்புக்கு ஒன்று, உள்ளத்தின் விழிப்புக்கு ஒன்று என்று வழக்கம் பிரித்துவைத்திருக்கிறது.

‘ரௌஸ்’ என்பதற்கும் ‘அரௌஸ்’ என்பதற்கும் இடையேயும் இத்தகைய வேறுபாடு உண்டு. ‘ரௌஸ்’ என்பது பதினைந்தாம் நூற்றாண்டில் வேட்டைக்காரர் வழக்கில் இருந்த சொல். வேட்டைப் பறவை தன் இறகுகளைச் சிலிர்த்து உதறுவதையும், புதரில் பதுங்கிய விலங்கைக் கிளப்பி வெளிப்படுத்துவதையும் அச்சொல் குறித்தது. ‘அரௌஸ்’ என்பது அதிலிருந்து பின்னர்த் தோன்றியது. இன்றைய வழக்கில் உறங்குபவனை எழுப்புவதற்கு ‘ரௌஸ்’ வரும். ஐயம், ஆவல், இரக்கம் போன்றவற்றை எழுப்புவதற்கு ‘அரௌஸ்’ வரும். ஐயம் என்பது உள்ளத்தில் பதுங்கிக் கிடப்பது. யாரேனும் ஒரு குறிப்பைச் சொன்னால் வெளிப்படுவது. புதரில் கிடந்த விலங்கின் நினைவு அச்சொல்லில் இன்னும் இருக்கிறதென்று கொண்டால், அது பயன்படும் இடத்தை நீங்கள் மறவீர்கள்.

இனி, இலத்தீன் மொழியிலிருந்து வந்த சொற்களைக் காண்போம். ‘எவோக்’, ‘ப்ரொவோக்’ என்னும் இரண்டும் ‘அழைத்தல்’ என்னும் பொருளுடைய ஒரே வேரிலிருந்து பிறந்தவை. உள்ளிருப்பதை வெளியே வருமாறு அழைப்பது ‘எவோக்’. ஒரு பழைய பாட்டு இளமை நினைவை எழுப்புமாயின் இச்சொல் வரும். முன்னே வருமாறு அழைப்பது, அதாவது சண்டைக்கு அறைகூவி அழைப்பதுபோல் அழைப்பது, ‘ப்ரொவோக்’. சினத்தை மூட்டுதற்கு இது வரும். ‘எக்ஸைட்’, ‘இன்ஸைட்’ என்னும் இரண்டும் ‘அசைவு உண்டாக்குதல்’ என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்தவை. முன்னது நன்மைக்கும் தீமைக்கும் பொதுவாய் நிற்கிறது. பின்னது பெரும்பாலும் வன்செயலுக்கும் குற்றத்திற்கும் தூண்டுவதையே குறிக்கிறது. ‘இன்ஸ்பயர்’ என்பதற்கோ மூச்சினை உள்ளே ஊதுதல் என்பது அடிப்படைப் பொருள். ஒருவருக்குள் நல்லுயிர்ப்பை ஊட்டுவது அது. ஆகவே அதனைக் குறைகூறும் இடத்தில் வழங்குதல் அரிது.

ஒரு மேடைப்பேச்சினைக் கேட்டு ஆயிரம் பேர் எழுந்து நின்றனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனை எழுதும் ஒருவர் ‘இன்ஸ்பயர்’ என்று எழுதலாம். மற்றொருவர் ‘எக்ஸைட்’ என்று எழுதலாம். வேறொருவர் ‘இன்ஸைட்’ என்று எழுதலாம். நடந்த நிகழ்ச்சி ஒன்றே. முதற்சொல் பேசியவருக்கு மாலை சூட்டுகிறது. மூன்றாம் சொல் அவருக்கு விலங்கு பூட்டுகிறது. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே நாம் தீர்ப்பையும் வழங்கிவிடுகிறோம் என்பதை மாணவர்கள் உணரவேண்டும். இன்றைய பேச்சின் கருத்து இதுவே.

தமிழிலும் இத்தகைய வேறுபாடு உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. ‘எழுச்சி’ என்பதும் ‘கிளர்ச்சி’ என்பதும் மேலெழுதலையே குறிப்பன. எனினும், ‘மக்கள் எழுச்சி’ என்று எழுதுபவர் மகிழ்ந்து எழுதுகிறார். ‘கிளர்ச்சி’ என்று எழுதுபவர் பல வேளைகளில் கவலையோடு எழுதுகிறார். 1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் எங்கள் ஆவடியில், உ. ந. தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடிற்று. சமதர்ம அமைப்பை நோக்கிய சமுதாயம் வேண்டுமென்னும் தீர்மானம் அங்கே நிறைவேறியது. ஆவடியின் பெயர் நாடெங்கும் பரவிற்று. அத்தகைய மாநாட்டினை ‘எழுச்சி மிக்கது’ என்று நாம் சொல்வோமேயன்றிக் ‘கிளர்ச்சி மிக்கது’ என்று சொல்லோம். ‘மாநாடு மக்களை எழுப்பிற்று’ என்றால் பாராட்டு. ‘மாநாடு மக்களைக் கிளப்பிவிட்டது’ என்றால் குற்றச்சாட்டு.

இனி, தமிழுக்கே உரிய ஒரு நுட்பத்தைக் காண்போம். நம் வினைச்சொற்கள் பலவற்றில் ஒரு மெல்லொலி வல்லொலியாக மாறினால், செயலுக்கு உரியவரே மாறிவிடுகிறார். ‘அடங்கு’ என்றால் தானே அடங்குதல். ‘அடக்கு’ என்றால் பிறர் அடக்குதல். ‘திருந்து’ என்றால் தானே திருந்துதல். ‘திருத்து’ என்றால் பிறர் திருத்துதல். ‘எழு’ என்பது ‘எழுப்பு’ என்றும், ‘கிளம்பு’ என்பது ‘கிளப்பு’ என்றும், ‘தேறு’ என்பது ‘தேற்று’ என்றும், ‘மூள்’ என்பது ‘மூட்டு’ என்றும் ஆகும். இவற்றைத் தன்வினை, பிறவினை என்று இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். அதன் பயனை இங்கே நோக்குங்கள். ‘ஊரில் கலகம் மூண்டது’ என்று ஒருவர் எழுதினால், அதற்குக் காரணமானவர் யார் என்பதை அவர் சொல்லவில்லை. ‘ஊரில் கலகம் மூட்டினர்’ என்று எழுதினால், அதற்குக் காரணமானவர் உண்டு என்று அறிவித்துவிடுகிறார். ஒரு சொல்லின் சிறு மாற்றம் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

ஆங்கிலத்திலும் பண்டைக் காலத்தில் இத்தகைய முறை இருந்தது. ‘ரைஸ்’ என்றால் எழுதல், ‘ரெய்ஸ்’ என்றால் எழுப்புதல். ‘லை’ என்றால் கிடத்தல், ‘லே’ என்றால் கிடத்துதல். ‘ஃபால்’ என்றால் வீழ்தல், ‘ஃபெல்’ என்றால் வீழ்த்துதல். இவை அம்முறையின் எச்சங்கள். ஆனால் பெரும்பாலான ஆங்கிலச் சொற்கள் இன்று ஒரே வடிவத்தில் இரு பொருளும் தருகின்றன. ‘வேக்’ என்பது விழித்தலுக்கும் வரும். விழிக்கச் செய்தலுக்கும் வரும். ஆகவே ஆங்கிலத்தில் எழுதும்போது வினைக்குப் பின் செயப்படுபொருள் இருக்கிறதா என்று பார்த்தே பொருள் கொள்ளவேண்டும். நம் மாணவர்கள் ‘ரைஸ்’ என்பதையும் ‘ரெய்ஸ்’ என்பதையும் மாற்றி எழுதுதல் மிகுதி. ‘அடங்கு, அடக்கு’ என்பதை நினைவிற் கொண்டால் இந்தத் தடுமாற்றம் நீங்கும். தாய்மொழி இலக்கணத்தை நன்கறிந்தவர்க்கு அயல்மொழி இலக்கணம் பாதி வந்துவிடும்.

தூண்டுதல் என்னும் சொல்லையும் சற்றே ஆராய்வோம். மின்விளக்கு வருவதற்கு முன் வீடுதோறும் அகல்விளக்கு இருந்தது. திரி எரிந்து குறுகும்போது அதனை மேலே தள்ளிச் சுடரைப் பெருக்குதற்கு ஒரு சிறு கோல் வைத்திருந்தனர். அச்செயலே தூண்டுதல், அக்கோலே தூண்டுகோல். எண்ணெயும் திரியும் விளக்கிலேயே இருந்தன. தூண்டியவர் புதிதாக ஒன்றும் சேர்த்தாரல்லர். உள்ளதை வெளிப்படுத்தினார், அவ்வளவே. ஆங்கிலத்தில் அதற்கு ஒப்பாக வழங்கும் ‘ஸ்டிமுலேட்’ என்னும் சொல்லோ, மாட்டை ஓட்டும் தாற்றுக்கோலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஒரே கருத்தைச் சொல்ல ஒரு மொழி விளக்கினை நாடிற்று. மற்றொரு மொழி ஏரினை நாடிற்று. ஆசிரியத் தொழிலுக்கு வரவிருக்கும் மாணவர்கள் இவ்விரண்டு கோல்களையும் ஒருங்கே நினைத்துப் பார்த்தல் நன்று. மாணவனைத் தாற்றுக்கோலால் குத்தினால் அவன் நடப்பான். விளக்கைத் தூண்டுவதுபோல் தூண்டினால் ஒளிர்வான்.

எழுப்பும் சொற்களை இதுவரை கண்டோம். இனித் தணிக்கும் சொற்களைக் காண்போம். குழந்தையை உறங்கச் செய்வதற்கு ஆங்கிலத்தில் ‘லல்’ என்பர். தாய் நாவை அசைத்து எழுப்பும் ஒலியைப் போலச் செய்து பிறந்த சொல் அது. நம் ‘தாலாட்டு’ என்பதில் உள்ள ‘தால்’ என்பதற்கும் நாக்கு என்பதே பொருள். நாவை ஆட்டி இசைப்பது தாலாட்டு. எங்கோ இருந்த இரு மொழியினரும் தொட்டிலருகே நின்ற தாயின் நாவினின்றே தத்தம் சொல்லைப் பெற்றனர் என்பது வியப்பன்று. தாய் எங்கும் தாயே.

‘ஸூத்’ என்னும் சொல்லின் வரலாறு நம்மைச் சிந்திக்க வைப்பது. பழைய ஆங்கிலத்தில் அது உண்மை என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. ஒன்றினை உண்மையென்று நிறுவுதலை முதலிற் குறித்தது. பின்னர், ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஆம் ஆம் என்று இணங்கிப் பேசுதலைக் குறித்தது. அதன்பின் அவ்வாறு இணங்கி அவர் மனத்தைச் சாந்தப்படுத்துதலைக் குறித்தது. உண்மையில் தொடங்கிய சொல் முகமன் வழியாக அமைதிக்கு வந்து சேர்ந்தது. ‘க்வெல்’ என்பதோ பழைய ஆங்கிலத்தில் கொல்லுதலைக் குறித்த சொல். இன்று கலகத்தை அடக்குவதற்கு அது வழங்குகிறது. ‘அப்பீஸ்’ என்னும் சொல்லுக்குள் அமைதி என்னும் பொருளே இருக்கிறது. ஆயினும், 1938ஆம் ஆண்டு மியூனிக் நகரில் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்து உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, அச்சொல்லின்மேல் ஒரு கறை படிந்தது. அநீதி செய்பவனுக்கு இணங்கி அவனைத் தணிக்க முயலும் கோழைத்தனம் என்று அதற்குப் பொருள் ஏற்பட்டது. எழுப்பும் சொல் எல்லாம் தீயதன்று; தணிக்கும் சொல் எல்லாம் நல்லதுமன்று என்பதற்கு இச்சொல்லே சான்று.

தமிழில் ‘ஆறு’ என்னும் வினை எத்துணை அழகாகப் பயன்படுகிறது என்று பாருங்கள். காய்ச்சிய பால் ஆறுகிறது. உடம்பிற் பட்ட புண் ஆறுகிறது. மூண்ட சினம் ஆறுகிறது. துயருற்ற மனம் ஆறுகிறது. இந்நான்கிற்கும் ஆங்கிலத்தில் நான்கு வெவ்வேறு சொற்கள் வேண்டும். வெப்பத்தையும் நோவையும் சினத்தையும் துயரையும் ஒரே வகைப்பட்டனவாகக் கண்டனர் நம் முன்னோர். நான்கிற்கும் காலம் வேண்டும்; அவசரப்படுத்தினால் ஆறா. ‘அடக்கு’ என்பதற்கும் ‘ஆற்று’ என்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். அடக்கப்பட்டது உள்ளே இருக்கும். ஆற்றப்பட்டது இல்லாமற் போகும். சினங்கொண்ட மாணவனைப் பிரம்பால் அடக்கிய ஆசிரியர், அவன் சினத்தை ஆற்றியவர் ஆகார்.

எழுப்புவதும் தணிப்பதும் ஒரே கருவியால் நிகழ்தல் கூடும் என்பதற்கு எங்கள் பூவிருந்தவல்லியிலிருந்தே ஒரு சான்று தருவேன். அவ்வூரில் பிறந்தவர் திருக்கச்சி நம்பிகள். காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசும் தொண்டினை மேற்கொண்டவர். இராமானுசர் பெரிதும் போற்றிய பெரியவர். ஆலவட்டம் என்பது விசிறி. கோவிலில் இறைவனுக்குக் குளிர்ச்சி தருவதற்கு வீசப்படும் அதே விசிறி, அடுக்களையில் அடுப்பின்முன் வீசப்பட்டால் தீ கொழுந்துவிட்டு எரியும். காற்று ஒன்றே, வீசும் இடம் வேறு. சொல்லும் அவ்வாறே. துயருற்றவனிடம் ‘உனக்கு நேர்ந்தது அநீதி’ என்று சொன்னால் அவனுக்கு ஆறுதல். கையில் கல்லை எடுத்து நிற்பவனிடம் அதையே சொன்னால் அது தூண்டுதல்.

இவ்விரண்டையும் நம் இலக்கணம் இணையாகவே போற்றியிருக்கிறது. தொல்காப்பியம் பாடாண் திணையில் ‘துயிலெடை நிலை’ என்று ஒரு துறையைச் சொல்கிறது. ‘கண்படை நிலை’ என்று மற்றொன்றையும் சொல்கிறது. துயிலும் வேந்தனைப் புகழ்ந்து எழுப்புவது முன்னது. அவன் கண்ணுறங்குதலைப் பொருளாகக் கொண்டது பின்னது. வேந்தனுக்கு உரியதாக இருந்த துயிலெடையைப் பத்தி இயக்கம் இறைவனுக்கு ஆக்கிற்று. தொண்டரடிப்பொடியாழ்வாரும் மாணிக்கவாசகரும் திருப்பள்ளியெழுச்சி பாடினர். இன்றும் திருமுல்லைவாயிலிலும் பிற ஊர்க் கோவில்களிலும் மார்கழி விடியலில் பள்ளியெழுச்சி ஒலிக்கிறது. இரவில் பள்ளியறை வழிபாடு நடைபெறுகிறது. வேந்தனிடமிருந்து இறைவனிடம் சென்ற அதே துறையைப் பாரதியார் நாட்டிற்கு ஆக்கினார். அவர் பாரத மாதாவிற்குத் திருப்பள்ளியெழுச்சி பாடினார். அதற்கு முன்னரே, 1896ஆம் ஆண்டில், சென்னையில் ஓர் ஆங்கிலத் திங்களிதழ் தோன்றிற்று. ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர் அதன் ஆசிரியர். ‘பிரபுத்த பாரதம்’ என்பது அதன் பெயர். விழித்தெழுந்த பாரதம் என்பது பொருள். ‘அவேக்கன்’ என்னும் சொல்லை அன்றே சென்னை ஒரு நாட்டிற்கு உரியதாக வழங்கிற்று.

நாடு விழிக்கிறது என்று நாம் சொன்னோம். நம்மை ஆண்டவர்கள் அதே செயலுக்கு வேறொரு சொல்லை வைத்திருந்தனர். இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 1870ஆம் ஆண்டில் 124-அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அரசுக்கு எதிராக ‘டிஸஃபெக்‌ஷன்’ என்னும் உணர்ச்சியை ‘எக்ஸைட்’ செய்வது குற்றம் என்று அது கூறிற்று. உணர்ச்சியைக் கிளர்த்துதல் என்பது சட்டத்தின் சொல்லாயிற்று. ‘அஃபெக்‌ஷன்’ என்றால் அன்பு. அதன்முன் ஓர் எதிர்மறை சேர்ந்தால் வரும் பொருள் யாது? அன்பு இல்லாமையா, அன்புக்கு எதிரான பகையா?

எதிர்மறையை ‘இன்மை’ என்றும் ‘அன்மை’ என்றும் ‘மறுதலை’ என்றும் பகுத்துக் காண்பது நம் இலக்கண மரபு. அன்பின்மை என்பது இன்மை. பகை என்பது மறுதலை. அன்பு இல்லாதவன் எல்லாம் பகைவன் ஆகான். தெருவிற் செல்லும் அயலார்மீது நமக்கு அன்பும் இல்லை, பகையும் இல்லை. இந்த இலக்கண வேறுபாடு நீதிமன்றத்திற்கு வந்தது. 1891ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ‘வங்கவாசி’ இதழின்மேல் நடந்த வழக்கில், அச்சொல் வெறுப்பு அல்லது பகையைக் குறிக்கும் என்று தலைமை நீதிபதி பெத்தரம் விளக்கினார். 1897ஆம் ஆண்டில் பம்பாயில் திலகர்மேல் நடந்த வழக்கில் நீதிபதி ஸ்ட்ராச்சி, அன்பு இல்லாமை என்பதிலே தொடங்கி எல்லா வகையான மனக்கசப்பையும் அதில் அடக்கினார். திலகர் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை பெற்றார். மறு ஆண்டு சட்டமே திருத்தப்பட்டது. அரசிடம் விசுவாசமின்மையும் பகையுணர்ச்சி எல்லாமும் அச்சொல்லில் அடங்கும் என்று விளக்கம் சேர்த்தனர். இன்மையும் மறுதலையும் ஒன்றாக்கப்பட்டன.

அந்தச் சட்டத்தின்கீழ் 1908ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் திருநெல்வேலியில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர். வ. உ. சி. செய்தது என்ன? சுதேசிக் கப்பல் ஓட்டினார், தூத்துக்குடி ஆலைத் தொழிலாளர்களுக்குத் துணைநின்றார், மேடைகளில் பேசினார். மக்கள் அதனை எழுச்சி என்றனர். நீதிபதி பின்ஹே அதனை வேறாகக் கண்டார். ஆயுட்காலத் தீவாந்தர தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அதனை ஆறு ஆண்டுகளாகக் குறைத்தது. வ. உ. சி. கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் துன்புற்றார், செக்கிழுத்தார், 1912ஆம் ஆண்டு டிசம்பரில் விடுதலை பெற்றார். அதே 1908ஆம் ஆண்டில் ‘இந்தியா’ இதழின் பதிவுபெற்ற ஆசிரியரும் தண்டிக்கப்பட்டார். பாரதியார் புதுச்சேரிக்குச் சென்றார். 1922ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் அதே பிரிவின்கீழ் நின்ற காந்தியடிகள், அன்பைச் சட்டத்தினால் உண்டாக்கவோ ஒழுங்குபடுத்தவோ இயலாது என்னும் கருத்தை நீதிபதியின் முன்னிலையில் எடுத்துரைத்தார். அவருக்கும் ஆறு ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

விடுதலைக்குப் பின்னும் அப்பிரிவு நீடித்தது. 1962ஆம் ஆண்டில் கேதார்நாத் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் அதற்கு ஓர் எல்லை வகுத்தது. அரசைக் கடுமையாகக் குறைகூறுதல் மட்டும் குற்றமாகாது. வன்முறைக்குத் தூண்டுதலோ, பொது ஒழுங்கைக் குலைக்கும் போக்கோ இருத்தல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உணர்ச்சியை எழுப்புதல் வேறு, வன்செயலுக்குத் தூண்டுதல் வேறு என்று அத்தீர்ப்பு பிரித்துக் காட்டிற்று. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் அப்பிரிவின் செயற்பாட்டை உச்சநீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நாளிலிருந்து பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அதன் 152ஆம் பிரிவில் ‘டிஸஃபெக்‌ஷன்’ என்னும் சொல் இல்லை. பிரிவினை, ஆயுதக் கலகம் முதலியவற்றைப் பற்றியே அது பேசுகிறது. ஆனால் ‘எக்ஸைட்’ என்னும் சொல் அங்கும் இருக்கிறது. ஆகவே அதன் பொருளைப் பற்றிய ஆராய்ச்சியும் முடிந்துவிடவில்லை.

மாணவர்களே, நாளை நீங்கள் ஆசிரியராகலாம், வழக்கறிஞராகலாம், செய்தித்தாளில் எழுதலாம், நீதிபதியாகவும் அமரலாம். இவற்றுள் ஒன்றும் ஆகாவிடினும், கையில் உள்ள கைப்பேசியில் நாளும் நாலு வரி எழுதி நாலு பேருக்கு அனுப்பத்தான் போகிறீர்கள். அப்போது எழுப்பும் சொல்லையோ தணிக்கும் சொல்லையோ எழுதுமுன் மூன்று வினாக்களை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்தது எது: அறிவா, ஆர்வமா, சினமா, பகையா? தானே எழுந்ததா, பிறர் எழுப்பினரா; பிறர் எழுப்பினர் என்று சொல்ல எனக்குச் சான்று உண்டா? இதற்கு எதிராக நான் வேண்டுவது அடக்குதலா, ஆற்றுதலா? இம்மூன்றிற்கும் விடை கண்டபின் சொல்லைத் தேர்ந்தெடுத்தால், ஆங்கிலத்திலும் பிழை வராது. அறத்திலும் பிழை வராது.

நம் பழமொழிகள் இரண்டு இதற்குத் துணைசெய்யும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது ஒன்று. எழுப்பியவரே தணிப்பவர்போல நடிப்பதை அது கண்டிக்கிறது. செய்தி படிக்கும்போதெல்லாம் அதனை நினையுங்கள். எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பது மற்றொன்று. கொதிப்பவர்களை அடக்குவதற்கு முன், கீழே எரிவது யாது என்று பார்க்கச் சொல்கிறது அது. ஊரிலோ வீட்டிலோ வகுப்பிலோ மனம் கொதிப்பவர் இருந்தால், மூடியை அழுத்துவதால் பயனில்லை. அடுப்பில் உள்ள விறகை நோக்கவேண்டும்.

எதிர்ச்சொல் எழுதுக என்று தேர்வில் கேட்டால் ஒரே சொல்லை எழுதுங்கள், மதிப்பெண் பெறுங்கள். வாழ்க்கையில் கேட்டால் சற்றே நின்று, எதற்கு எதிர் என்று திரும்பக் கேளுங்கள். அவ்வாறு கேட்கத் தெரிந்தவனே சொல்லின் பொருளை அறிந்தவன்.